ஒரு முழங்காலை விசாரித்த கதை

மொன்றியலில் எங்கள் மெத்தைத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் அந்த ஏப்ரல் மாதம் முழுவதும் ஒரு பையனின் முழங்காலைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பையன் எங்களோடு வேலை செய்பவன் அல்ல. மேசையைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் சொந்தமும் அல்ல. ஒன்ராறியோவில் ஒரு சிறிய பல்கலைக்கழக நகரத்தில் படிக்கிற, கைல் என்ற பெயருடைய வெள்ளைக்காரப் பிள்ளை. முதல் வருடம் அவனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்ததாம். அது முழுதாகச் சுகமாகிவிட்டது என்பார் ஜினெத். தைத்து முடிந்த மெத்தைகளைச் சரிபார்க்கிற பெண்மணி. சுகமாகவில்லை, ஆகவும் ஆகாது என்பார் ஃபோம் வெட்டுகிற ரெஜான். இரண்டு பேரும் சாப்பாட்டை ஆறவிட்டுச் சண்டை பிடிப்பார்கள். நான் என் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ பெற்ற பிள்ளையின் காலுக்கு இவர்கள் ஏன் அடிபடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் உதைபந்தாட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கனடாவில் ஃபுட்போல் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. காலால் உதைப்பது எப்போதாவதுதான். ஒருவன் எறிவான், ஒருவன் பிடிப்பான், மற்றவர்கள் எல்லாரும் அவனை விழுத்துவதற்கு ஓடிவருவார்கள். வசந்தம் தொடங்கும்போது, பல்கலைக்கழகங்களில் விளையாடிய பையன்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும். இதற்கு ட்ராஃப்ட் என்று பெயர். பையன் தனக்குப் பிடித்த ஊருக்குப் போகமுடியாது. எந்த அணி அவன் பெயரைச் சொல்கிறதோ அந்த ஊருக்குப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். போன வருடம் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் தெரிவு. தோற்றவனை முதல் பந்தியில் இருத்துகிற இந்த வழக்கம் எனக்குக் கேட்டவுடனேயே பிடித்துப்போனது.

இன்னொரு விதியும் இருந்தது. ஒவ்வொரு அணியிலும் குறிப்பிட்ட அளவு பேர் இந்த நாட்டிலேயே வளர்ந்தவர்களாக இருக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் அமெரிக்கர்கள் வந்து எல்லா இடத்தையும் பிடித்துவிடுவார்களாம். இதை விளங்கப்படுத்தும்போது ரெஜான் நடுவில் நிறுத்தி, “உன்னைச் சொல்லவில்லை, ராணி” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்து இடம் பிடிக்கிறவர்கள் என்ற பேச்சு என்னைச் சேர்க்காமல் நடப்பதை இந்த நாட்டில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அமெரிக்கர்களுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படக்கூடச் செய்தேன்.

எங்கள் ஊர் அணிக்கு என்று ரெஜானுக்கு வேண்டியது கியூபெக்கிலேயே படித்த, சுவர் போன்ற ஒரு தடுப்பாட்டக்காரன். ஜினெத்துக்கு வேண்டியது கைல், ஏனென்றால் அவன் காற்றில் வருகிற எதையும் பிடிப்பானாம். உயரம் என்ன, எடை என்ன, எவ்வளவு வேகம், எந்தப் பள்ளிக்கூடம், குடிப்பானா, பயிற்றுநருக்கு எதிர்த்துப் பேசுவானா, தகப்பன் என்ன தொழில் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டு போனபோது எனக்கு மெல்ல மெல்ல வெளித்தது. இதை நான் அறிவேன். எனக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. இவர்கள் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

இங்கே என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருந்த காலத்திலிருந்தே எங்கள் சனங்களுக்கு நான்தான் சம்பந்தம் விசாரித்துச் சொல்கிறவள். ரொக்ஸ்பரோவுக்கு வீடு மாறிப் போனபிறகும் ரெலிபோன் விடவில்லை. அக்கா, இன்ன ஊர்ப் பெடியன், இன்ன இடத்தில் வேலை, எப்படி என்று கேட்பார்கள். நான் இரண்டு மூன்று பேரோடு கதைத்து ஆளின் நடை, குணம், கடன், காதல் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். இது எனக்கு ஊரிலிருந்து வந்த பழக்கம். என் கணவரைப் பேசியபோது, அவர் வேலை செய்த சங்கக் கடைக்கு என் தகப்பனார் ஆள் அனுப்பினார். மண்ணெண்ணெய் வாங்கப் போனவர் போலப் போய், வேண்டுமென்றே சில்லறையை மாற்றிக் கொடுத்து, ஆளுக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்துவரச் சொன்னாராம். கோபம் வரவில்லை என்று தகவல் வந்தது. அது பிழையான தகவல் என்பதைக் கலியாணத்துக்குப் பிறகு கண்டுகொண்டேன்.

விசாரிப்பதற்கு எங்களிடம் ஒரு மரியாதை உண்டு. யாருக்காக விசாரிக்கிறோம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். கேட்கப்படுகிறவரும் யாருக்கு என்று திருப்பிக் கேட்கமாட்டார். சரிவராமல் போனால் பெண்பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது அல்லவா? சும்மா கேட்டேன் என்பார்கள். சும்மா இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒருநாள் முழங்கால் சண்டை உச்சத்துக்குப் போனபோது நான் வாய் வைத்துவிட்டேன். “ஏன் இவ்வளவு சத்தம்? விசாரித்தால் போச்சு” என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ரெஜான் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்களுக்கே தெரியாததை நீ யாரிடம் விசாரிப்பாய் என்று கேட்டார். அந்த நகரத்தில் என் மச்சாள் பவளம் இருக்கிறாள். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே அவளும் கணவரும் கடை வைத்திருக்கிறார்கள். அன்று பின்னேரமே அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“பவளம், உங்கட கடைக்கு வாற பெடியளில கைல் எண்டு ஒருத்தன் இருக்கிறானோ? நல்ல உயரம். ஃபுட்போல் விளையாடுறவன்.”

“ஓம் மச்சாள். காலமை காலமை கோப்பி வாங்க வாறவன். ஏன்?”

“சும்மாதான். ஆள் எப்பிடி? முழங்காலில ஏதோ வருத்தம் இருந்ததாம்.”

பவளம் உடனே குரலைத் தாழ்த்தி, “எனக்கு விளங்குது மச்சாள். ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்” என்றாள்.

பந்து விளையாட்டுக்காக விசாரிக்கிறேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் கலியாண வயதில் மகளை வைத்துக்கொண்டு, வேலைத்தலத்தில் இருந்து பந்து விளையாட்டுக் கதைக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தோடு, விசாரிக்கும்போது காரணம் சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. நான்கு நாள் கழித்துப் பவளம் எடுத்தாள்.

“பயப்பிடாதேங்கோ மச்சாள், முழங்கால் திறமாயிருக்கு. கீழ் அறையில இருந்து ஒரு அரிசி மூட்டையைத் தூக்கித் தா தம்பி எண்டு கேட்டனான். மூட்டையோட ரெண்டு ரெண்டு படியாப் பாஞ்சு ஏறினவன். குடிவெறி இல்லை. ஞாயிறு தவறாமல் தாயோட கதைக்கிறவன். ஆனா ஒண்டு மச்சாள், உறைப்புத் தொடவே மாட்டானாம். அதைத்தான் பிள்ளை யோசிக்கவேணும்.”

எந்தப் பிள்ளை என்று நான் கேட்டிருக்கவேண்டும். உறைப்புத் தின்னாதவனுக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று ஒருகணம் நினைத்தேன், அவ்வளவுதான். அடுத்தநாள் சாப்பாட்டு அறையில் அரிசி மூட்டைக் கதையைச் சொன்னேன். ஜினெத் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். ரெஜான் மட்டும், அரிசி மூட்டை திருப்பி மோதாது, எதிரணி மோதும் என்று பிடிவாதமாக இருந்தார். ஆனாலும் அவருடைய தடுப்பாட்டக்காரனைப் பற்றியும் விசாரிக்கமுடியுமா என்று போகும்போது காதோடு கேட்டார். அந்த வாரம் நான் அந்த மேசையில் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. எத்தனையோ வருடம் அங்கே சாப்பிட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்காகக் கதிரை இழுத்து வைத்தார்கள். “எங்களுக்குப் பந்து பிடிக்கிறவன்தான் வேண்டும்” என்று நானே ஒருநாள் சொன்னேன். சொன்னபிறகுதான் எங்களுக்கு என்று சொல்லிவிட்டதைக் கவனித்தேன்.

அப்போதுதான் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து இராசேஸ்வரி அக்காவின் ரெலிபோன் வந்தது.

என் மகள் மதுரா ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் சுதன் என்ற பிள்ளையைச் சந்தித்திருந்தாள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. நல்ல பிள்ளை. நானே விசாரித்துவிட்டேன். இராசேஸ்வரி அக்கா சுதனின் தாயார். இரண்டு வீடும் சம்மதித்து, மண்டபம் பார்க்கிற அளவுக்கு வந்திருந்தது. மதுரா ரெலிபோனை வைத்துவிட்டு வரும்போது முகம் ஒரு மாதிரியாகப் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்க்கிறபோது எனக்கும் வயது குறைந்ததுபோல இருக்கும்.

“ராணி, பிள்ளைக்கு வேற இடத்திலயும் விசாரிக்கிறியளாம் எண்டு ஒரு கதை அடிபடுது” என்றார் இராசேஸ்வரி அக்கா.

“ஐயோ, ஆர் அக்கா சொன்னது?”

“ஆர் சொன்னா என்ன. பெடியன் வெள்ளையாம். பிள்ளைக்குத்தான் விருப்பமாம். முழங்காலில ஏதோ குறையாம், அதுதான் நீங்கள் யோசிக்கிறியளாம்.”

பவளம் ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லைதான். பாரிஸில் இருக்கிற தமக்கைக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். தமக்கை லண்டனில் ஒருவருக்குச் சொல்ல, லண்டன் ஸ்காபரோவுக்குச் சொல்லியிருக்கிறது. காரில் ஒரு பகலில் போய்ச் சேருகிற இடத்துக்கு என் மகளின் கதை அத்திலாந்திக்கை இரண்டு தரம் கடந்து போயிருக்கிறது.

“அக்கா, சத்தியமா அது விளையாட்டுக்கு விசாரிச்சது” என்றேன்.

“கலியாணம் பேசுறது உங்களுக்கு விளையாட்டோ?”

“இல்லை அக்கா, எங்கட ஊர் அணிக்கு அவனை எடுக்கிறதோ விடுறதோ எண்டு...”

“அணிக்கு எடுக்கிறதுக்கு நீங்கள் ஆர்?”

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, “சரி, நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்” என்று வைத்துவிட்டார். இந்த வார்த்தையை நானே எத்தனையோ வீட்டுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்லுகிறோம் என்றால் யோசித்து முடிந்துவிட்டது என்று பொருள்.

மதுராவிடம் மறைக்கமுடியாது. “அம்மா, நீங்கள் சீரியஸா? ஆரோ ஒருத்தன்ர முழங்கால் என்ர கலியாணத்தை விடப் பெரிசோ?” என்று கேட்டாள். சுதன் தாயோடு கதைத்துப் பார்த்தானாம், அவர் பிடிகொடுக்கவில்லையாம். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாலும் எனக்குக் கேட்டது. கதவுக்கு வெளியே நின்று மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன். அவள் தண்ணீரை இன்னும் கூடத் திறந்துவிட்டாள்.

என் கணவர் மட்டும் கோபிக்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். “நல்லா விசாரிக்கிறியள்” என்றார். “எங்களை ஆர் விசாரிச்சு எடுத்தவை?” அவர் சொன்னது எனக்குப் பழைய கதை. ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரை ரொறன்ரோ என்று சொல்லி விமானம் ஏற்றிவிட்டான். ரொறன்ரோவில் தமையன் குளிர்ச்சட்டையோடு காத்துக்கொண்டிருந்தார். வழியில் எங்கெங்கோ தங்கவைத்து, கடைசியில் இவரைக் கொண்டுவந்து இறக்கியது மொன்றியலில். முதல்நாள் அதிகாரி பேசிய பிரெஞ்சை ஆங்கிலம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாராம். தமையன் வந்து கூட்டிப்போவதற்குள் ஒரு சமையலறையில் கோப்பை கழுவும் வேலை கிடைத்துவிட்டது. பேந்து போவம், பேந்து போவம் என்று தள்ளிப்போட்டு, பிறகு நான் வந்து, மதுரா பிறந்து, இது எங்கள் ஊராகிவிட்டது. எங்களுடைய பெயரை எந்த ஊர் சொன்னதோ அந்த ஊருக்கு வந்தோம்.

ட்ராஃப்ட் ஒரு வேலை நாளில், மத்தியான நேரத்தில் நடந்தது. ரெஜான் மேலாளரைக் கெஞ்சிக் கேட்டு அலுவலகத்துக் கணினியின் முன்னால் இருந்துகொண்டார். ஜினெத் என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். “அந்த அம்மாவுக்கு இப்போதே எடு. நாங்கள் சொல்கிறோம்” என்றார். எனக்கு அது பெரிய பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் என்னிடம் வேறு வழியும் இல்லை. அலுவலக ரெலிபோனில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டு, இராசேஸ்வரி அக்காவுக்கு எடுத்தேன்.

ரெஜானுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். இராசேஸ்வரி அக்கா வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படித்தவர், ஆனால் ரெஜானின் ஆங்கிலத்தை அந்த வகுப்பில் படிப்பிக்கவில்லை. மடாம், ராணி நல்ல பெண், இன்று அணிகள் ஊர் ஊராகப் பையன்களைத் தெரிவு செய்கின்றன, அதற்குத்தான் கைலை நாங்கள் விசாரிக்கச் சொன்னோம் என்று ரெஜான் தொடங்கினார். நீதான் பையனின் தகப்பனா என்று அக்கா கேட்டார். இல்லை என்றார். அப்படியென்றால் அணியின் முதலாளியா? அதுவும் இல்லை. அங்கே வேலை செய்கிறாயா? இல்லை, மெத்தைக்கு ஃபோம் வெட்டுகிறேன்.

“உன்னை ஒருத்தரும் கேட்கவில்லை. அப்படியென்றால் நீ ஏன் தெரிவு செய்கிறாய்?” என்றார் அக்கா.

ரெஜான் ஜினெத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை என்று தெரிந்தது. கடைசியில், “ஏனென்றால் இது என் ஊர், மடாம்” என்றார்.

ஒன்றும் விளங்காத அந்த விளையாட்டில் நான் ஏன் போய் மாட்டிக்கொண்டேன் என்பதை இந்த மனிதர் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டார். அக்கா தமிழுக்கு மாறி, என்னோடு கதைத்தார்.

“ராணி, இப்ப இந்தப் பெடியனை எந்த ஊர் எடுக்கும் எண்டு தாய்க்குத் தெரியாதோ?”

“தெரியாது அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது.”

“பெத்தவளை ஒரு வார்த்தை கேக்க மாட்டினமோ?”

“கேக்க மாட்டினம்.”

“பாவம் மனிசி” என்றார். “என்ர மூத்தவனையும் கனடா எண்டு சொல்லித்தான் ஏத்தினவங்கள். இறங்கினது டென்மார்க். மூண்டு மாசமாப் பிள்ளை எங்க எண்டே எனக்குத் தெரியாது. இண்டைக்கும் நான் ஒரு நாட்டில, அவன் ஒரு நாட்டில.” உடனேயே, “வைக்காதேங்கோ, லைனில நிக்கிறன். பெடியனை ஆர் எடுக்கினம் எண்டு பாப்பம்” என்றார்.

இப்படியாக, ஒரு மெத்தைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் மூன்று பேரும் ஸ்காபரோவில் ஒரு பெண்மணியும் சேர்ந்து ட்ராஃப்ட் பார்த்தோம். எங்கள் அணியின் முறை வந்தது. ரெஜானின் சுவரை எடுத்தார்கள். ரெஜான் கதிரையை விட்டு எழும்பி, தானே பெற்ற பிள்ளை பரீட்சை பாஸ் பண்ணியதுபோல எங்களைக் கட்டிப்பிடித்தார். ஜினெத் அவரைத் தள்ளிவிட்டார். அடுத்ததாக ரொறன்ரோ அணி. கணினித் திரையில் கைலின் பெயர் வந்தது.

“ஆர்? ஆர் எடுத்தது?” என்று ரெலிபோன் கத்தியது.

“ரொறன்ரோ, அக்கா.”

“எங்களுக்கோ? எங்கட ஊருக்கோ வாறான்?” அக்காவின் சந்தோசத்தைக் கேட்டால், முந்தின கிழமை அந்தப் பையனைச் சொல்லிச் சம்பந்தத்தையே நிறுத்தப் பார்த்தவர் அவர்தான் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். தாய்க்குக் கிட்டத்தானே, ஒரு பஸ் எடுத்தால் வந்து பார்க்கலாம் என்றார். முழங்கால் உண்மையிலேயே சுகமோ என்றும் கேட்டார். அரிசி மூட்டைக் கதையை முழுதாகச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் களைத்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு, “சரி ராணி, பிள்ளையின்ர அளவை அனுப்புங்கோ. கூறைக்குச் சட்டை தைக்கக் குடுக்கவேணும்” என்றார்.

கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. சட்டைக்கு அளவு கேட்டால் அதற்கு மேல் ஒரு சம்மதம் இல்லை. நான் கதிரையில் இருந்துவிட்டேன். என்ன சொன்னார்கள் என்று ஜினெத் உலுக்கினார். “ரொறன்ரோ என் மகளையும் எடுத்துவிட்டது” என்றேன். இரண்டு பேரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன், கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சந்தோசம்தான். ஆனால் வீட்டில் ஒரு அறை காலியாகப் போகிறது என்பதும் அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு பகல் கார் ஓட்டம் என்று மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வது சுலபம்.

கலியாணம் ஆனியில் ஸ்காபரோவில் நடந்தது. ரெஜானும் ஜினெத்தும் வந்து, வாழையிலையில் கையால் சாப்பிட்டு, இரண்டாம் தரமும் பாயசம் கேட்டார்கள். கோடை முடிகிற சமயத்தில் ரொறன்ரோ அணி மொன்றியலுக்கு விளையாட வந்தது. மலைச் சரிவில் இருக்கிற மைதானம் அது, மேல் வரிசையில் இருந்தால் ஆறு வரைக்கும் தெரியும். நான் ரெஜானோடும் ஜினெத்தோடும் எங்கள் ஊர்க்காரருக்கு நடுவில் இருந்தேன். எதிர்ப்பக்கத்தில் மதுராவும் சுதனும், நடுவில் குடை பிடித்துக்கொண்டு இராசேஸ்வரி அக்காவும். மதுரா ரொறன்ரோவின் நீலச் சட்டை போட்டிருந்தாள். அவள் பிறந்தது இந்த மலைக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில்.

ஆட்டத்தின் பிற்பகுதியில் பந்து வெகு தூரத்திலிருந்து வந்தது. எங்கள் ஆள் ஒருவன் காலைக் குறிவைத்து மோத, கைல் அவனுக்கு மேலால் பாய்ந்து, விழாமல் நின்று, பந்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்து எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடினான். என்னைச் சுற்றி இருந்த கூட்டம் ஓவென்று கூவியது. எதிர்ப்பக்கத்தில் ஒரு குடை மேலும் கீழுமாகத் துள்ளியது. நான் எழும்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ராணி, நீ யார் பக்கம்?” என்று ரெஜான் என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். இருந்துவிட்டேன். எங்கள் அணிக்காக மனம் உண்மையாகவே நொந்தது. மடியில் கைகள் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.